இரண்டு தட்டு, ஒரு மூச்சு

கைப்பேசிப் பரிசோதனைப் பிரிவின் தலைவராயிருந்து பணி நிறைவு பெறும் அம்மையாருக்கு உடன் பணிபுரிந்தோர் படைக்கும் பாராட்டு மடல்

பூட்டைத் திறக்கத் தெரிந்தும் பூட்டை மதித்தவரே, பிறர் பேச்சைப் படிக்கும் பணியில் இருந்தும் பேச்சடக்கம் காத்தவரே, அதிகாரத்தின் முன் நிமிர்ந்தும் அடுத்தவர் அந்தரங்கத்தின் முன் தலைகுனிந்தும் நின்ற தகைமையாளரே, தங்களுக்கு எங்கள் வணக்கம்.

இம்மடலை எழுதும் பொறுப்பை, அலுவலகத்தில் வயதில் மூத்தவன் என்பதால் என்னிடம் தந்தார்கள். ஓய்வு பெற்ற பின்னும் ஒப்பந்தத்தில் தொடர்ந்து, கைப்பற்றிய பொருள்கள் இருக்கும் அறைக்குக் காவலாக இருப்பவன் நான். என் முதுகுக்குப் பின்னால் என்னைத் 'தாழ்ப்பாள்' என்று அழைப்பது எனக்குத் தெரியும். அதில் எனக்கு வருத்தமில்லை. "இனிப்பா எழுதுங்க ஐயா, யாரையும் பயமுறுத்திடாதீங்க" என்று சொல்லித்தான் தாளைக் கொடுத்தார்கள். இனிப்பாக எழுதுவது எனக்கு என்றுமே வந்ததில்லை. பயமில்லாமல் எழுதுவதும் இந்த மாதம் கைகூடவில்லை. இந்தக் கூடத்தில் அமர்ந்திருப்போர் தங்கள் போன்களை மேசைமேல் எப்படி வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். எல்லாம் கவிழ்ந்து கிடக்கின்றன. அந்தக் கருவி என்னவெல்லாம் சொல்லும் என்று அறிந்தவர்கள் நாம்.

தாங்கள் பணி செய்த அறையை எங்களில் எவரும் மறக்க முடியாது. ஜன்னல் இல்லாத அறை; நடுவே ஒரு பழைய மரமேசை. கைப்பற்றிய போன்களை வெள்ளி நிற உறைக்குள் போடுவோம். அதற்குள் சிக்னல் நுழையாது. உறைக்குள் போகுமுன் என் அலமாரி ஓரத்தில் கிடக்கும் சிறிது நேரத்தில் அவை ஒலிக்கும். திரையில் 'அம்மா' என்று வரும். 'வீடு' என்று வரும். 'எடுக்காதே' என்று ஒருவர் பதிந்து வைத்திருந்த எண்ணும் ஒருமுறை வந்தது. எடுக்க எங்களுக்கு அனுமதியில்லை. ஒலித்து ஓயும்வரை நின்றுகொண்டிருப்போம். அந்தச் சத்தம் பழகிப்போனவர் இங்கே பலர் உண்டு. தங்களுக்கு மட்டும் கடைசிவரை பழகவில்லை. ஒவ்வொரு முறையும் தங்கள் முகம் மாறுவதைக் கண்டிருக்கிறேன்.

அதனால்தானோ என்னவோ அந்த வழக்கத்தைத் தாங்கள் கொண்டுவந்தீர்கள். எந்தப் போனானாலும் திறக்குமுன் விரல் முட்டியால் மேசையை இரண்டு முறை தட்டுவீர்கள். தட்டிவிட்டு, கேட்டு வந்த அதிகாரியைப் பார்த்து, "யார் வீட்டுக்கு, எதுக்கு வந்திருக்கோம்?" என்று கேட்பீர்கள். அவர் அதை ஒரே மூச்சில் சொல்லி முடிக்க வேண்டும். "ஒரு மூச்சுல சொல்ல முடியலேன்னா என்ன தேடறோம்னு நமக்கே தெரியலேன்னு அர்த்தம்" என்பது தங்கள் சட்டம். அந்த மூச்சுக்குள் அடங்கியதைத் தேடுவீர்கள். அடங்காததைப் பார்க்கவும் மாட்டீர்கள். கேள்வியும் பதிலும் முடியும்வரை அறைக் கதவை மூட விடமாட்டீர்கள். வெளியே இருப்பவர் காதிலும் விழ வேண்டும் என்பீர்கள்.

இதற்காக விசாரணைப் பிரிவினர் தங்களுக்கு வைத்த பெயரை இந்த மேடையில் சொல்லலாமா என்று தயங்கினேன். தாங்களே அதைச் சொல்லிச் சிரித்ததுண்டு என்பதால் சொல்கிறேன். 'தட்டம்மை.' "தட்டம்மைகிட்ட போய்ட்டு வந்தா உடம்பெல்லாம் தடிச்சுடுது" என்று படிக்கட்டில் பேசிக்கொள்வார்கள். சற்றுப் பருமனான அதிகாரி ஒருவர் நீளமாகக் கேட்பதற்கென்றே மாடிப்படி முடிவில் நின்று மூச்சை ஆழ இழுத்துக்கொண்டு வருவார். பாதியிலேயே இருமல் வந்துவிடும். "வந்த மட்டும் போதும் சார்" என்று தாங்கள் அதுவரை சொன்னதை மட்டும் எடுத்துக் கொடுப்பீர்கள்.

சிரித்தது போதும். இனி எழுதப்போவதை 'நாங்கள்' என்று எழுத முடியாது. இது என் குடும்பத்துச் செய்தி. அலுவலகத்தார் அனுமதியோடு என் வாயால் சொல்கிறேன்.

எங்கள் குடும்பத்தில் பிறர் பெயருக்கு வந்த கடிதத்தைப் பிரித்துக் கொடுக்கும் வழக்கம் எந்தத் தலைமுறையிலும் இருந்ததில்லை. அப்படிப்பட்ட வீட்டுப் பெண்ணின் போன் ஒருநாள் காலை என் அலமாரி ஓரத்தில் வந்து கிடந்தது. என் தம்பி மகள். செவிலியர் படிப்பு முடித்தவள். அவளுடன் படித்த ஒருவனைச் சதி வழக்கில் பிடித்திருந்தார்கள். அன்றைக்குள் பேருந்து நிலையத்தில் வெடி வைக்கப்போவதாகத் தகவல். பிடிபட்டவன் வாய் திறக்கவில்லை. அவன் கூட்டாளிகள் வெளியே இருந்தார்கள். அவன் கடைசியாகத் தொடர்புகொண்ட எண் எங்கள் வீட்டுப் பெண்ணுடையது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் போன் ஒலித்தது. திரையில் 'பெரியம்மா' என்று வந்தது. என் மனைவி, வீட்டிலிருந்து.

நான் நேரே தங்களிடம் வந்தேன். "அம்மா, இது எங்க வீட்டுப் பொண்ணுது. கல்யாணப் பேச்சு நடக்குது. இதத் திறக்கறதும் எங்க வீட்டு வாசலத் திறந்து போடறதும் ஒண்ணு. வேற வழி பாருங்க" என்றேன். அப்படிக் கேட்டதற்காக நான் இன்றும் வெட்கப்படவில்லை. குடும்பத்தில் மூத்தவன் வேறு என்ன கேட்பான்?

"ஐயா, சாவிய அலுவலகத்துல குடுத்துட்டு வெளிய பெஞ்சுல உக்காருங்க" என்றீர்கள் தாங்கள். "உங்க வீட்டுப் பொண்ணுங்கறதுக்காக இன்னைக்குத் திறக்காம விட்டா, நாளைக்கு யார் வீட்டுப் பொண்ணுதையோ தாராளமாத் திறந்துடுவேன்."

பெஞ்சில் உட்கார்ந்தேன். உள்ளே இரண்டு தட்டு கேட்டது. வழக்கு அதிகாரியின் குரல் உடனே வந்தது.

"மேடம், நேரமில்ல. எல்லாம் எடுங்க."

"எல்லாம்னா?"

"எல்லாம்னா எல்லாம். ஒரே மூச்சுலதானே சொன்னேன்?"

"அது மூச்சு இல்ல சார். கொட்டாவி."

"ஜனங்க சாகப்போறாங்க மேடம். நீங்க இலக்கணம் பாத்துக்கிட்டிருக்கீங்க."

"சாகக் கூடாதுன்னுதான் கேக்கறேன். இதுல ஆயிரக்கணக்குல போட்டோ இருக்கும், அவ வீட்டுப் பேச்செல்லாம் இருக்கும். எல்லாத்தையும் பாத்து முடிக்கறதுக்குள்ள சாயங்காலம் ஆயிடும். உங்களுக்கு ஆள் வேணுமா, இடம் வேணுமா?"

வெளியே பெஞ்சில் எனக்கு இரண்டு பயமும் ஒன்றாக வந்தன. திறந்தால் எங்கள் வீடு என்ன ஆகும் என்ற பயம். திறக்காவிட்டால் அந்தப் பேருந்து நிலையம் என்ன ஆகும் என்ற பயம். எது பெரியது என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ, அதை இங்கே எழுத மாட்டேன்.

"இடம்" என்றார் அதிகாரி. "அவன் தங்கியிருந்த ரூம் எங்கன்னு இந்தப் பொண்ணுக்கு எழுதியிருக்கானா, அது மட்டும்."

"இது மூச்சு" என்றீர்கள் தாங்கள். மறுபடியும் இரண்டு தட்டு கேட்டது.

இருந்தது. கையில் தீப்பட்டதற்கு என்ன மருந்து போடலாம் என்று அவளிடம் கேட்டிருக்கிறான். மருத்துவமனைக்குப் போகச் சொல்லியிருக்கிறாள். போக முடியாது, மருந்தை அனுப்பிவிடு என்று விலாசம் அனுப்பியிருக்கிறான். அந்தக் கை எப்படிச் சுட்டது என்று பாவம் அவளுக்குத் தெரியாது. மூடிக் கிடந்த ஓர் அச்சகத்தின் மாடி அறையில் வெடிமருந்து நிரப்பிய இரண்டு பைகளைக் கண்டெடுத்தார்கள். கூட்டாளிகளையும் அங்கேயே பிடித்தார்கள். அன்று மாலை நான் வேண்டுமென்றே பேருந்து நிலையம் வழியாக வீட்டுக்குப் போனேன். இடம் பிடிக்க ஜன்னல் வழியே கைக்குட்டை போட்டுச் சண்டையிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களில் எவருக்கும் தங்களைத் தெரியாது. என் வேண்டுகோளைத் தாங்கள் ஏற்காததற்கு அந்தக் கூட்டத்தின் நடுவே நின்று மனத்துக்குள் நன்றி சொன்னேன்.

அடுத்த நாள் அதே அதிகாரி திரும்பி வந்தார். "அந்தப் போன முழுசா ஒரு காப்பி போட்டு வைங்க மேடம். பின்னாடி உதவும்."

"எதுக்கு உதவும்?"

"அது இப்பத் தெரியாது. அதனாலதான் காப்பி."

தாங்கள் போனை உறையிலிட்டு ஒட்டி, முத்திரை வைத்து, என் கையில் கொடுத்தீர்கள். சில வாரம் கழித்து அவர் என்னைப் படிக்கட்டில் நிறுத்தி, "சும்மா சொல்லுங்க ஐயா, அதுல வேற என்னதான் இருந்துச்சு?" என்று கேட்டார். "எனக்குத் தெரியாது" என்றேன். "எனக்கும் தெரியாது. தட்டம்மைக்கும் தெரியாது. நல்ல ஆபீஸ் இது" என்று முணுமுணுத்துக்கொண்டே போனார். என் வாழ்நாளில் எங்கள் குடும்பத்துக்குக் கிடைத்த பெரிய மரியாதை அந்த முணுமுணுப்பு.

அந்தப் பெண்ணுக்குத் திருமணம் நடந்தது. இன்று ஒரு குழந்தைக்குத் தாய். ஆனாலும் முக்கியமாக ஏதாவது பேச வேண்டுமென்றால் போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு, சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டுத்தான் பேசுகிறாள். "தண்ணி வீணாகுது" என்று முதலில் கடிந்துகொண்டேன். இப்போது நானே போய்க் குழாயைத் திறந்துவிடுகிறேன்.

வழக்கு முடியாததால் அவளுடைய போன் இன்னும் என் அலமாரியில்தான் இருக்கிறது. இந்த மாதம் இரண்டு உத்தரவுகள் வந்தன. வரும் ஒன்றாம் தேதி முதல் அலமாரியிலுள்ள எல்லாப் போன்களையும் முழுவதும் படியெடுத்து ஓரிடத்தில் சேர்க்க வேண்டும் என்பது ஒன்று. போன் நம் கைக்கு வராமலே, அது யார் சட்டைப் பையில் எங்கே இருந்தாலும், தூரத்திலிருந்தே உள்ளே நுழையும் வசதி நமக்கும் வருகிறது என்பது மற்றொன்று. கூட்டத்தில் அதை விளக்கியபோது தாங்கள் ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள். "அப்போ எங்க தட்டறது?" வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தோம். தாங்கள் சிரிக்கவில்லை. ஒருவர் பின் ஒருவராக எங்கள் சிரிப்பும் நின்றது. ஒவ்வொருவர் கையும் தன்னையறியாமல் தன் பையைத் தொட்டது.

எங்களைக் கோழைகள் என்று எவரும் எண்ண வேண்டாம். அச்சகத்து மாடியில் இருந்த பைகளை நாங்கள் மறக்கவில்லை. மறுபடி ஒருநாள் அப்படியொரு காலை வரும். அன்று ஒரு பூட்டைத் திறந்தே ஆக வேண்டும். ஆனால் எதுக்கு என்று கேட்க ஆளில்லாத இடத்தில் திறக்கும் கை எங்களுடையதாக இருக்கப்போகிறது. எங்கள் பயம் அதுதான்.

தேவையானது எடுத்து முடிந்த போன்களை உரியவர்களிடமே திருப்பித் தர வேண்டும் என்று, போகிற நேரத்தில் தாங்கள் நீதிமன்றத்துக்கு எழுதியிருக்கிறீர்கள். பதில் இன்னும் வரவில்லை. ஒன்றாம் தேதி வந்துகொண்டிருக்கிறது. எது முந்தும் என்று எங்களுக்குத் தெரியாது. அலமாரிச் சாவி மீண்டும் என் இடுப்பில் இருக்கிறது. உத்தரவை மீறிப் பழக்கப்பட்டவன் அல்லன் நான். சாவி கேட்டு வருவோரிடம், எந்த உறையானாலும், யார் வீட்டுப் பிள்ளையினுடையதானாலும், எதுக்கு என்று கேட்பேன். ஒரே மூச்சில் சொல்லச் சொல்வேன். அதற்கு மேல் இந்தத் தாழ்ப்பாளுக்கு வலுவுண்டா என்று தெரியவில்லை.

போன் வைக்கத் தேவையில்லாத அறைக்கு மேசையும் தேவையில்லை என்று அந்த மரமேசையைப் போன வாரம் கழித்துவிட்டார்கள். முறைப்படி அனுமதி கேட்டு அதன் மேல்பலகையில் ஒரு பகுதியை வாங்கினோம். இம்மடலைப் பொருத்தியிருக்கும் மரச்சட்டத்துக்குப் பின்பலகையாக இருப்பது அதுதான். இரண்டு தட்டும் விழுந்த இடத்தில் மரம் சற்றுக் குழிந்திருக்கிறது. அந்த இடம் சரியாக நடுவில் வரும்படி தச்சரிடம் சொல்லி அறுத்தோம். கையெழுத்திட வந்த அந்த வழக்கு அதிகாரி, பேனாவை எடுக்குமுன் பலகையைத் தட்டினார். யாரும் அவரிடம் சொல்லவில்லை.

அம்மையீர், உடல்நலம் குன்றாமல், உறவும் நட்பும் சூழ, அச்சம் அணுகாத வீட்டில் தாங்கள் நெடுங்காலம் வாழ வேண்டும். தங்கள் வாசலுக்கு எவர் வந்தாலும் எப்போது வந்தாலும், தட்டிவிட்டு, எதற்கு வந்தோம் என்று சொல்லிவிட்டு உள்ளே வரட்டும். அதற்குமேல் ஒரு வாழ்த்து எங்களுக்குத் தெரியவில்லை.

என்றும் தங்கள் தட்டுக்குக் காது கொடுத்திருக்கும்,
பரிசோதனைப் பிரிவு, விசாரணைப் பிரிவு, சான்றுப்பொருள் அறைப் பணியாளர்கள்