வரைபடம் இல்லாத சீனா

அன்று மதியம் கடைக்குள் இருந்தவர்கள் மூன்று பேர்: புத்தகக் கடைக்காரர், ஓய்வுபெற்ற சர்வேயர், சர்வேயரின் மூத்த மகள். நாலாவதாக ஒருவர் இருந்ததாக யார் சொன்னாலும் அது பொய்.

கடைக்காரர்: ...சீக்கிரம் சொல்லுங்கண்ணே. நீங்க யோசிச்சு முடிக்கறதுக்குள்ள சீனாவுல இன்னொரு ராஜவம்சமே வந்து போயிடும்.

சர்வேயர்: கேலி வேண்டாம் தம்பி. சீனாவைப் பத்தி நல்லதா மூணு எடுத்துக் குடு. சரித்திரம் ஒண்ணு. ஜனங்க எப்படி வாழறாங்கன்னு ரெண்டு.

கடைக்காரர்: போன மாசம்தானே மூணு கொண்டுபோனீங்க?

மகள்: அது மூணும் திரும்பி...

சர்வேயர்: படிச்சாச்சு.

கடைக்காரர்: நல்லது. அப்போ இதைப் பாருங்க. முதல் சக்கரவர்த்தி, பெருஞ்சுவர்...

சர்வேயர்: சுவர் வேண்டாம்.

கடைக்காரர்: சீனா வேணும், சுவர் வேண்டாமா! கல்யாணம் வேணும், மாப்பிள்ளை வேண்டாம்னு சொல்ற மாதிரி இருக்கு. சரி... இது? அந்தக் காலத்துல அரசாங்க உத்தியோகத்துக்குப் பரீட்சை. எழுத வந்தவனைக் காலை நீட்டிப் படுக்கக்கூட முடியாத அறையில போட்டு, வாசலை அடைச்சு... சோறு, தூக்கம், எல்லாம் அதுக்குள்ளேயே.

மகள்: ஐயோ, அது வேண்டாம் மாமா.

கடைக்காரர்: என்னம்மா, பேய்க்கதை கேட்ட மாதிரி முழிக்கறே?

சர்வேயர்: வேண்டாம்னா விடேன்.

கடைக்காரர்: விட்டாச்சு. அப்போ கால்வாய். வடக்கையும் தெற்கையும் சேர்த்து வெட்டினது. படகோட்டிங்க, கரையோரச் சந்தை, அரிசி மூட்டை ஏத்தறது, பொண்டாட்டி புருஷன் சண்டை உட்பட எல்லாம் இருக்கு. உங்க பையன் அங்கே பாலம்தானே கட்டறான்? ரசிச்சுப் படிப்பான்.

சர்வேயர்: அட்டை எப்படி?

கடைக்காரர்: கெட்டி அட்டை. மேலே ஏறி நிக்கலாம்.

சர்வேயர்: மெல்லிசு அட்டையா வேணும். உள்ளே வரைபடம் இருக்கா?

கடைக்காரர்: இருக்கான்னா... பிரிச்சா இந்த மேஜை பத்தாது!

சர்வேயர்: அப்போ வேண்டாம்.

கடைக்காரர்: அண்ணே! முப்பது வருஷம் நிலம் அளக்கற சங்கிலி இழுத்து, ஊரையே வரைபடமாப் போட்ட மனுஷன் நீங்க. உங்களுக்கு வரைபடம் வேண்டாமா?

சர்வேயர்: எனக்கில்லை.

கடைக்காரர்: அதையேதான் கேக்கறேன். சீனாவுல இருக்கறவனுக்கு இங்கேயிருந்து சீனாவைப் பத்திப் புத்தகம் எதுக்கு? கொல்லன் தெருவுல ஊசி விக்கற கதையா...

சர்வேயர்: அங்கே எல்லாம் அவங்க பாஷையில இருக்கும். நீ மெல்லிசு அட்டையாப் பாரு. நடுவுல கம்பிப் பின் அடிச்சிருக்கக் கூடாது. யாரும் பேனாவால எழுதியிருக்கக் கூடாது.

கடைக்காரர்: அண்ணே... கெட்டி அட்டை கூடாது, பின் கூடாது, வரைபடம் கூடாதுன்னு சொல்லி என்கிட்டே புத்தகம் வாங்கறவங்க இன்னும் ரெண்டு பேர் இருக்காங்க.

சர்வேயர்: யாரு?

கடைக்காரர்: யாருன்னு சொல்ல மாட்டேன். உங்களைப் பத்தியும் அவங்ககிட்டே சொல்ல மாட்டேன். ஆனா அந்த ரெண்டு பேரும் புத்தகத்தை ஜெயிலுக்குத்தான் அனுப்பறாங்க. அங்கேதான் இதெல்லாம் உள்ளே விட மாட்டாங்க.

சர்வேயர்: எழுந்திரும்மா. போகலாம்.

மகள்: எங்கேப்பா போறது? இந்த ஊர்ல இருக்கறது ஒரு கடை.

சர்வேயர்: எழுந்திருன்னு சொன்னேன்.

மகள்: நான் சொல்லிடறேன்ப்பா. மாமா, அவன் சீனாவுக்குப் போகவே இல்லை. வேலை பார்த்த ஊர்ல, சைக்கிள்ல போனவரை இடிச்சுட்டு நிறுத்தாம கார்ல இங்கே வந்துட்டான். அவர் செத்துட்டார். எட்டு வருஷம் ஜெயில். அஞ்சு முடிஞ்சுது.

சர்வேயர்: ஊரெல்லாம் தண்டோரா போடு.

மகள்: ஊர்லதான் நீங்க ஏற்கெனவே போட்டுட்டீங்களே, சீனான்னு! மாமா, இன்னும் மூணு வருஷத்துல அவன் வெளியே வரும்போது, எட்டு வருஷம் சீனாவுல இருந்தவனா வரணுமாம். யார் என்ன கேட்டாலும் தடுமாறாம சொல்லணுமாம். அதுக்குத்தான் இந்தப் படிப்பு.

கடைக்காரர்: அடப்பாவமே...

மகள்: சித்தப்பா மகன் நிஜமாவே சீனாவுக்குப் போனான். ‘தம்பி எந்த ஊர்ல இருக்கான், போய்ப் பார்த்துட்டு வரேன்’னு கேட்டான். அப்பா டக்குனு ஒரு ஊர் பேரைச் சொன்னார். உங்க சரித்திரப் புத்தகத்துல படிச்சது. அந்தப் பேர் மாறி அறுநூறு வருஷம் ஆச்சாம்!

சர்வேயர்: அவன் அப்புறம் கேக்கலையே.

மகள்: ஏன் கேக்கலைன்னு நினைக்கறீங்க? புரிஞ்சுபோச்சுப்பா. அதான் கேக்கலை.

கடைக்காரர்: தண்ணி குடிங்கண்ணே.

சர்வேயர்: வேண்டாம். அந்தக் கால்வாய்ப் புத்தகத்துல அட்டையைப் பிச்சு, வரைபடத்தைக் கிழிச்சுக் குடுப்பியா?

கடைக்காரர்: கிழிக்கறேன். ஆனா அவன் படிக்கறானா?

மகள்: முதல் புத்தகத்தை மட்டும் படிச்சான். மத்ததெல்லாம் கட்டுப் பிரிக்காம திரும்பி வருது. அப்பாவைப் பார்க்க மாட்டேங்கறான், நான் மட்டும்தான் போறேன். போன தடவை கேட்டான், ‘அக்கா, வீட்டுக்கு வரப்போறது நானா, இல்லை அப்பா தயார் பண்ற அந்தச் சீனாக்காரனா?’

சர்வேயர்: வாசல்ல வந்து நிக்கும்போது நாலு பேர் அவனை ஜெயில்காரன்னு சொல்லக் கூடாது. எனக்கு வேணுங்கறது அவ்வளவுதான்.

கடைக்காரர்: அண்ணே, கோபப்படாதீங்க... எனக்கு அஞ்சு வருஷமாத் தெரியும், தெரியாத மாதிரி இருந்தேன்.

சர்வேயர்: என்னது?

கடைக்காரர்: உங்க எதிர்வீட்டுத் தையல்காரர் சொன்னார். கண்ணாடி உடைஞ்ச காரையும், விடியற நேரத்துல போலீஸ் தம்பியை ஏத்திட்டுப் போனதையும் பார்த்திருக்கார். இங்கே வந்து உட்கார்ந்து அழுதார். ‘சர்வேயர் வீட்டம்மா என்னைப் பார்த்தாலே கதவைச் சாத்தறாங்க, நான் என்ன தப்பு பண்ணேன்’னு. என்னைத் தவிர யார்கிட்டேயும் வாய் திறக்கலை.

மகள்: உங்ககிட்டே திறந்தாரே! அம்மா சொன்னது சரிதான். அந்த ஆள்தான் போலீஸுக்கும் சொல்லியிருக்கார். அவர் மட்டும் சும்மா இருந்திருந்தா, அவனே மறுநாள் போய்ச் சரணடைஞ்சிருப்பான். தண்டனையும் குறைஞ்சிருக்கும். காட்டிக்கொடுத்த பாவி...

சர்வேயர்: தையல்காரர் சொல்லலைம்மா. ஸ்டேஷனுக்கு நடந்து போய்ச் சொன்னது நான். அவன் அப்போ தூங்கிட்டிருந்தான்.