இருவர் அணி

வெங்காயத் தோட்டத்துக்கு இறைக்கும்போது ஒரு பாத்தி நிரம்பச் சற்று நேரம் எடுக்கும், இன்ஸ்பெக்டர் ஐயா. புத்தூரில் எங்கள் வயதுக்காரர் அந்த இடைவெளியில்தான் போனில் துப்பாக்கிச் சண்டை விளையாடுவார்கள். என் வகுப்புச் சிவதர்ஷனும் அப்படித்தான். அவன் கெட்டிக்காரன். அதை நான் மறுக்கவில்லை.

எனக்குக் கதைக்கும்போது வாய் திக்கும். முன்பு ஒருநாள் அவனுடைய அணியில் விளையாடியபோது, “எங்கையடி நிக்கிறாங்கள்?” என்று கேட்டான். நான் “ப... ப... பனை” என்று சொல்லி முடிக்குமுன் எல்லோரும் செத்துப்போனோம்.

“ஆரபி சொல்லி முடிக்கிறதுக்குள்ளை பனை காய்ச்சிடும்,” என்றான்.

பகிடிதான். நானும் சிரித்தேன். பிறகு நான் திக்கியதன் குரல்பதிவை வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டான். மறுநாள் வகுப்பில் இடாப்பைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டபோது ஒவ்வொருவரும் “ஓ... ஓ... ஓம் ரீச்சர்” என்றார்கள். ரீச்சரும் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார். அதன்பின் நான் பள்ளிக்கூடம் போகவில்லை.

விளையாட்டுக்கு மட்டும் வேறு பெயரில் திரும்பிவந்து அவனோடு இருவர் அணியில் சேர்ந்தேன். மைக் பழுது என்று எழுதிவிட்டேன். அவன் என்னை “மச்சான்” என்றான். தோற்றவர்களிடம், “போய் அம்மாவோடை கிடந்து அழுங்கோடா,” என்பான். பழிவாங்கத்தான் சேர்ந்தாயா என்று கேட்டீர்கள். இல்லை. அவனோடு சேர்ந்தால் வெல்லலாம்.

அன்று நாங்கள் விளையாடிக்கொண்டிருந்தபோது அவனுடைய கிணற்று மோட்டர் தண்ணீர் இழுக்கவில்லை. போனைக் கிணற்றுக்கட்டில் வைத்துவிட்டுக் குழாயை அசைக்கப் போனான். ஓர் அலறல், பிறகு தண்ணீர்ச் சத்தம். போன் மேலே இருந்தது. காதில் மாட்டியிருந்த வயரில்லாத ஹெட்செட் மட்டும் அவனோடு போனது. அதன் மறுபக்கம் நான் மட்டும்தான்.

“மச்சான், கிணத்துக்கை விழுந்திட்டன். கால் முறிஞ்சுபோச்சு. பைப்பைப் பிடிச்சுக்கொண்டிருக்கிறன். அப்பாவுக்கு எடடா,” என்று இலக்கத்தையும் சொன்னான்.

முதல்தடவையாக மைக்கைப் போட்டேன்.

“எ... எடுத்திட்டன். வாறார். கத்தாதை, களைச்சுப்போவாய்.”



“ஆரபியே?”

“ஓம்.”

“குறை நினைக்காதை. கெதியா வரச்சொல்லு.”

“சந்தி தாண்டிட்டார்.”

நான் யாருக்கும் எடுக்கவில்லை. பக்கத்துத் தோட்டத்தில் ஆட்கள் மருந்தடித்துக்கொண்டு நின்றார்கள் என்பது நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கத்தியிருந்தால் அவர்களுக்குக் கேட்டிருக்கும். நான் சொன்னதை நம்பியதால் அவன் கத்தவில்லை. அப்பாவின் மோட்டர் சைக்கிள் சத்தம் கேட்கவில்லையே என்றபோது, வருகிறார் என்று பதில் சொன்னேன். கை விறைக்குது என்றபோதும் சொன்னேன்.

பிள்ளை தனியே கிடந்து செத்துப்போனான் என்று அவனுடைய அம்மா அழுகிறாவாம். அவவிடம் சொல்லுங்கள், அது பிழை. கடைசிவரை நான் அவனோடு கதைத்துக்கொண்டுதான் இருந்தேன்.