முப்பத்தெட்டரை அங்குலம்

இந்த அவைக்குத் தலைமை தாங்குவதோடு, எனக்கு எட்டாத உயரத்தில் நின்ற ஒலிவாங்கியைத் தம் கையாலேயே தாழ்த்தி வைத்த நம் நலச் சங்கத் தலைவி அவர்களே! துணி வெட்டும் மேசையில் இருபது ஆண்டு நின்று கால் வீங்கினாலும் கத்தரிப்பில் ஒரு நூல் கோணாத பெரியவர்களே! நீராவி மேசையின் அனல் மூச்சில் நாள் முழுதும் நின்று, ஆயிரம் சட்டைகளின் சுருக்கத்தை நீக்கிவிட்டு, முகத்தில் சுருக்கமில்லாமல் வீடு திரும்பும் தாய்மார்களே! பெட்டி கட்டும் பிரிவின் அக்காமார்களே, அண்ணன்மார்களே! உங்கள் எல்லோருக்கும் என் பணிவான வணக்கம்.

எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு இது. வேக நடை, ஓட்டம், சைக்கிள், கயிறு தாண்டுதல் என்று மூச்சு வாங்க வைக்கும் பயிற்சிகளால் உடம்பின் கொழுப்பு குறையுமா?

மருத்துவர் பேச வேண்டிய தலைப்பு. பத்தாம் வகுப்போடு புத்தகப் பையை ஆணியில் மாட்டியவள் நான். எனக்குத் தெரிந்த ஒரே கருவி இந்த அளவு நாடா. நம் ஆலையில் இறுதிச் சோதனை மேசை என்னுடையது. மார்பு, இடுப்பு, கை, நீளம் என்று ஒவ்வொரு சட்டையையும் அளப்பேன். கால் அங்குலம் கூடினாலும் குறைந்தாலும் அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவேன். அங்கே வாயைத் திறக்க வேண்டியதில்லை. அம்பு பேசும். அதனாலேயே அந்த வேலை எனக்குப் பிடித்துப் போயிற்று.

என்ன? கேட்கவில்லையா? சரி, சத்தமாகவே பேசுகிறேன்.

கொழுப்பு குறைய வேண்டும் என்று எத்தனையோ பேர் ஆசைப்படுகிறார்கள். கண்ணாடிக்காக ஆசைப்படுகிறவர் உண்டு. கல்யாணப் புகைப்படத்துக்காக ஆசைப்படுகிறவர் உண்டு. இங்கே நீராவி மேசையில் வேலை செய்யும் என் அம்மாவுக்கு அது ஆசை அல்ல. அவசியம். ஓர் உயிரின் அவசியம்.

அம்மாவின் தம்பி, என் மாமா, பேருந்துப் பணிமனையில் பிரேக் பார்க்கிறவர். உங்களில் பாதிப் பேருக்கு அவரைப் 'பிரேக் மாமா' என்றால்தான் தெரியும். போன வருடம் அவருடைய ஈரல் கெட்டுப் போயிற்று. வேறொருவர் தம் ஈரலில் ஒரு பகுதியைத் தந்தால்தான் பிழைப்பார் என்றார்கள். யார் தருவது என்ற கேள்வி முடியும் முன்பே அம்மா கை தூக்கிவிட்டார். மாமா படுக்கையில் இருந்தபடி என்னிடம் சொன்னார்: "பாத்தியா பாப்பா, என் வண்டிக்கு ஸ்பேர் பார்ட் உங்கம்மாகிட்டதான் கிடைக்குது. சின்ன வயசுல ஒரு பென்சில்கூடத் தராது!"

எல்லாப் பரிசோதனையும் செய்தார்கள். ரத்தம் பொருந்தியது. கடைசியாக ஸ்கேன் படத்தைப் பார்த்த மருத்துவர் உதட்டைப் பிதுக்கினார்.

"உங்க ஈரல்லயே கொழுப்பு படிஞ்சிருக்கும்மா. இப்படியே எடுத்தா உங்களுக்கும் ஆபத்து, தம்பிக்கும் ஆபத்து. எட்டு வாரம் தர்றேன். கொழுப்பைக் குறைச்சுட்டு வாங்க. உணவு ஆலோசகரைப் பாத்துட்டுப் போங்க."

அம்மா முன்பாதியைக் கேட்டார். பின்பாதியைக் கேட்கவில்லை. அந்த ஆலோசகரைத்தான் நாங்கள் பார்க்காமல் வந்தோம். வந்து யாரைப் பார்த்தோம் தெரியுமா? நம் ரோல் அக்காவை!

சிரிக்கிறீர்கள். அக்கா, கோபித்துக்கொள்ளாதீர்கள். பெட்டி கட்டும் பிரிவில் எந்நேரமும் கையில் ஒட்டும் டேப் ரோலோடு நிற்பதால் அந்தப் பெயர். அன்பு மிகுந்தவர், அவசரம் அதைவிட மிகுந்தவர். அம்மாவைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"எட்டு வாரமா? எங்கிட்ட நாலு வாரம் குடு. வேர்க்க வேர்க்க நடந்தா கொழுப்பு தானா உருகி ஊத்தும். வேர்க்கலேன்னா வேர்க்க வைப்போம்!"

எப்படி வேர்க்க வைத்தார்? சட்டைகளைப் போட்டு மூடுகிறோமே பாலிதீன் உறை, அதில் பெரிய அளவாக நான்கை எடுத்தார். அம்மாவின் இடுப்பைச் சுற்றி, வயிற்றைச் சுற்றி, மேலே டேப் ஓட்டினார். கிர்ர்ர் கிர்ர்ர் என்று சத்தம். ஏற்றுமதிக்குப் போகும் பெட்டியைக்கூட அவ்வளவு இறுக்கமாகக் கட்டியதில்லை. அதன் மேல் ஆலையில் போடும் ஓவர்கோட்டை மாட்டிக்கொண்டு, தினமும் காலை வேலை தொடங்கும் முன் ஒரு மணி நேரம் ஆலையின் சுற்றுச் சுவரை ஒட்டி அம்மா நடந்தார். நடக்கும்போது சரசரவென்று சத்தம். காவலாளி அண்ணன் கேட்டார்: "என்னம்மா, பார்சல் தானா நடந்து போகுது?"

நடந்து முடித்ததும் பெட்டி நிறுக்கும் தராசில் ஏற்றினார்கள். எண்ணைப் பெரிய அட்டையில் எழுதிப் பெட்டிப் பிரிவின் சுவரில் மாட்டினார்கள். எழுபத்தெட்டு கிலோவில் தொடங்கியது. எழுபத்தேழரை. எழுபத்தேழு. எழுபத்தாறரை. மூன்றாவது வாரம் எழுபத்தாறு! எண் இறங்க இறங்கக் கைதட்டல் ஏறியது. நடந்த களைப்புக்கு என்று ரோல் அக்கா தினமும் பெரிய டம்ளரில் சர்க்கரை தூக்கலாக டீயும், கிரீம் வைத்த பன் இரண்டும் தந்தார். "தெம்பு வேணும்ல? சாப்பிடு, நாளைக்கு நடந்தா கரைஞ்சுடும்."

அந்த மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் அம்மா ஓவர்கோட்டைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

"ரெண்டு கிலோ குறைஞ்சுட்டேன்டி. கோட்டு தொளதொளன்னு இருக்கு. இடுப்பைப் பிடிச்சுத் தைச்சுக் குடு."

கோட்டைப் பிடிக்க வேண்டுமென்றால் முதலில் ஆளை அளக்க வேண்டும். அளந்தேன். முதல் நாள் என் நோட்டில் எழுதி வைத்திருந்தது முப்பத்தெட்டரை அங்குலம். இப்போது எவ்வளவு இருந்திருக்கும்? நாடாவை மறுபடி சுற்றினேன். மூச்சை விடச் சொல்லி அளந்தேன். முப்பத்தெட்டரை. கால் அங்குலம் குறையவில்லை!

தராசு குறைந்தது என்கிறது. நாடா குறையவில்லை என்கிறது. எது பொய்? எனக்குள் சந்தேகம் வந்துவிட்டது. அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவ்வளவு சந்தோஷத்தை அந்த முகத்தில் நான் பார்த்துப் பல மாதம் ஆகியிருந்தது.

என்ன செய்தேன்? சொன்னேனா? சொல்லவில்லை. "சரிம்மா, பிடிச்சுத் தர்றேன்" என்றேன். கோட்டை வாங்கிக்கொண்டு போனேன். ஒரு தையல்கூடப் போடவில்லை. நன்றாகத் தேய்த்து, மடித்துத் திருப்பிக் கொடுத்தேன். அம்மா மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

"பாத்தியா, இப்பதான் கச்சிதமா இருக்கு!"

ஊரார் சட்டையில் கால் அங்குலப் பிழை என்றால் அம்பு ஒட்டுகிறவள், பெற்ற தாயின் கோட்டில் முழுப் பொய்யை மடித்துக் கொடுத்தேன்.

நாலு நாள் கழித்து, காலை பத்தரை மணி. நீராவி மேசையின் முன் அம்மா நின்றபடியே சாய்ந்தார். நடந்து முடித்தும் அந்த உறையை அவிழ்க்காமல் வேலைக்கு நின்றிருக்கிறார். கூடுதலாக உருகும் என்று ரோல் அக்கா சொன்னாராம். டேப்பைக் கத்தரித்து எடுத்தபோது உள்ளே சட்டை பிழிந்து எடுக்கும்படி நனைந்திருந்தது. தண்ணீர் கொடுத்தோம். ஒரு சொம்பு, இன்னொரு சொம்பு, இன்னும் ஒன்று. மதியத்துக்குள் தெளிந்து உட்கார்ந்தார். நான் கையைப் பிடித்து அந்தத் தராசில் ஏற்றினேன். எழுபத்தெட்டு.

அந்த அட்டை சுவரில் சிரித்துக்கொண்டிருந்தது. என் பையில் சிவப்பு அம்புகள் இருந்தன. அட்டையில் இருந்த ஒவ்வோர் எண்ணின் மேலும் ஓர் அம்பு ஒட்டினேன். எழுபத்தேழரைக்கு ஒன்று. எழுபத்தேழுக்கு ஒன்று. எழுபத்தாறுக்கு இரண்டு.

ரோல் அக்கா வந்து பார்த்தார். "யாருடி இதை ஒட்டினது?"

பிரிவே வேலையை நிறுத்திவிட்டு நின்றது. ஆனாலும் சொன்னேன். "நான்தான்க்கா. முதல் நாள் நடக்கறதுக்கு முன்னாடி நிறுத்தோம். அப்புறம் எல்லா நாளும் நடந்து வேர்த்த பிறகு நிறுத்தோம். குறைஞ்சது தண்ணி. அம்மாவோட இடுப்பு அப்படியேதான் இருக்கு. நாலு நாள் முன்னாடியே நான் அளந்தேன். சொல்லல."

அம்மா திரும்பி என்னைப் பார்த்தார். "கோட்டு?"

"பிடிக்கலம்மா. தேய்ச்சு மட்டும் குடுத்தேன்."

அம்மா என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கோட்டைக் கையில் எடுத்து இடுப்புப் பக்கத் தையலைத் தடவிப் பார்த்தார். பிறகு, "கிளம்பு, அந்த ஆலோசகரைப் பாக்கப் போலாம்" என்றார். அவ்வளவுதான்.

அவையோரே! அந்த ஆலோசகர் சொன்னதைத்தான் இந்தத் தலைப்புக்கு விடையாக உங்கள் முன் வைக்கிறேன். "கொழுப்பு வேர்வையா ஒழுகாதும்மா. வேர்வை உடம்புச் சூட்டைத் தணிக்கிற தண்ணி. குடிச்சா திரும்ப வந்துடும். இடுப்பைச் சுத்திக் கட்டினா இடுப்புக் கொழுப்பு மட்டும் தனியா கரையவும் கரையாது. ஒரு மணி நேரம் நடந்து செலவழிச்சதை டீயும் பன்னுமா பத்து நிமிஷத்துல திருப்பி உள்ளே போட்டிருக்கீங்க."

அம்மா நம்பிக்கையோடு கேட்டார்: "அப்ப நடக்கவே வேணாமா?"

அவர் சிரித்துவிட்டார். "நடக்கணும்! நடையை விட்டுடாதீங்க. எடை பெரிசா இறங்கலேன்னாலும், நடக்க நடக்க ஈரல் கொழுப்பு குறையும். ஆனா நடை மட்டும் தனியா நின்னா மெதுவாத்தான் வேலை செய்யும். தட்டும் அதுக்குத் துணை நிக்கணும்."

குறையுமா? குறையும். வேர்வையால் குறையுமா? குறையாது. ஒரே வாரத்தில் குறையுமா? குறையாது. நடந்துவிட்டோம் என்று தின்றால் குறையுமா? குறையவே குறையாது! நாள் தவறாமல் நடந்து, நாக்கையும் கொஞ்சம் கட்டினால் குறையும். இதைச் சொல்ல இவ்வளவு நேரமா என்று கேட்கலாம். எங்கள் வீட்டுக்கு இது தெரிய மூன்று வாரம் ஆயிற்று.

அதன் பிறகு பாலிதீன் இல்லை. பருத்திச் சட்டை, கையில் தண்ணீர் பாட்டில். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் நடையின் வேகம் என்றார் ஆலோசகர். அம்மா நடந்துகொண்டே பாடிப் பார்ப்பார். பாட்டு வந்துவிட்டால் வேகத்தைக் கூட்டுவார். நல்லவேளை, அம்மா பாடுவது நின்றதில் காவலாளி அண்ணனுக்குத்தான் பெரிய நிம்மதி! டீயில் சர்க்கரை போயிற்று. பன் போயிற்று. தட்டில் பாதி காய்கறி ஆயிற்று. நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து உட்கார்ந்து எழுந்து தொடைக்குப் பயிற்சி. நிறுப்பது வாரம் ஒருமுறை, காலையில் வெறும் வயிற்றில். அளப்பது என் நாடா. முப்பத்தெட்டே கால். முப்பத்தெட்டு. முப்பத்தேழரை. யாரும் கைதட்டவில்லை. அவ்வளவு மெதுவாகக் குறைவதற்கு யார் கைதட்டுவார்கள்?

எட்டாவது வாரம் ஸ்கேன். மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார்.

"நல்லா குறைஞ்சிருக்கு. ஆனா பத்தாது. இன்னும் மூணு வாரம்."

மூன்று வாரம்! பெரியோர்களே, தாய்மார்களே, கணக்கைக் கவனித்தீர்களா? பாலிதீனுக்குள் போன மூன்று வாரம் அது. அதில் கடைசி நாட்கள் நான் வாயை மூடிக்கொண்டிருந்த நாட்கள். அந்தக் கூடுதல் மூன்று வாரத்தில் பிரேக் மாமாவின் கண்கள் மஞ்சளாகி, வயிறு வீங்கி, இரண்டு முறை அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோனோம். இரண்டாவது முறை என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. "எந்த டெப்போம்மா நீ?" என்று கேட்டார். அதைக் கேட்டுக்கொண்டு நின்றவள் நான்.

அம்மா நடப்பதை ஒரு நாள்கூட நிறுத்தவில்லை. மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நடந்தார். மாமாவின் கட்டிலிலிருந்து லிப்ட் வரை, லிப்டிலிருந்து கட்டில் வரை. அவரோடு ரோல் அக்காவும் நடந்தார். ஆமாம், வேலை முடிந்ததும் பேருந்து பிடித்து வந்து நடந்தார். பேசாமல் நடந்தார். அவர் பேசாமல் இருந்ததை நான் பார்த்தது அந்த மூன்று வாரம்தான்.

பதினோராவது வாரம் மருத்துவர் ஒரே வார்த்தை சொன்னார்: "போதும்."

அறுவைச் சிகிச்சை முடிந்து ஏழு மாதம் ஆகிறது. நாலாவது வரிசையில் நீலத் தொப்பியோடு உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான். என்ன மாமா? "பிரேக் நல்லா பிடிக்குது"ன்னு சொல்றார்! கேட்டுக்கொள்ளுங்கள்!

அன்பானவர்களே! இந்த மேடையில் ஏற எனக்கு ஆசை இல்லை. ஆனால் அட்டையில் எண் இறங்குவதைப் பார்த்து ஓர் ஆலையே கைதட்டியபோது, உண்மை ஒரே ஒருத்தியின் கையில் நாடாவாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அவளுக்கு வெட்கமாக இருந்தது, அதனால் ஓர் உயிர் காத்துக் கிடந்தது! உங்களில் எத்தனை பேர் கையில் அப்படி ஓர் அளவு இருக்கிறது? எத்தனை பேர் அதை மடித்துப் பையில் வைத்திருக்கிறீர்கள்? கைதட்டல் கேட்கும்போதும் அளவைச் சொல்லுங்கள். குரல் நடுங்கினால் நடுங்கட்டும். அளவைச் சொல்லுங்கள்!

நாளை காலை ஆறு மணிக்குச் சுற்றுச் சுவர் ஓரமாக நடை. ரோல் அக்கா தலைமை. டேப் ரோலை வாயிலிலேயே காவலாளி அண்ணன் வாங்கி வைத்துக்கொள்வார். நாடாவோடு நான் நிற்பேன்.

கடைசியாக ஒன்று. முன் வரிசையில் என் அம்மா உட்கார்ந்திருக்கிறார். அதே ஓவர்கோட்டுதான். போன வாரம் மறுபடி என்னிடம் நீட்டினார். வாயால் எதுவும் கேட்கவில்லை. அளந்தேன். முப்பத்தாறு. தையலைப் பிரித்து, இரண்டரை அங்குலம் உண்மையாகவே பிடித்துத் தைத்தேன். மாட்டிப் பார்த்துவிட்டு அம்மா உட்புறத்தைத் திருப்பி, தையலை விரலால் ஒருமுறை தடவினார். பிறகுதான் பொத்தான் போட்டார்.

இவ்வளவு நேரம் என் மெல்லிய குரலுக்குக் காது கொடுத்த உங்கள் பொறுமைக்கு நன்றி. ஒலிவாங்கியை மறுபடி உயர்த்திக்கொள்ளுங்கள், அடுத்துப் பேசுகிறவர் உயரமானவர். எல்லோருக்கும் வணக்கம்.