அவசரமில்லையாம்

மேசையில் கிடந்த பெட்டியைக் கண்டதும் நீங்கள் முதலில் கேட்டது, இந்த வீடியோ விளையாட்டு இன்னும் வேலை செய்கிறதா என்றுதான். செய்கிறது. கசட்டை எடுத்து ஒருமுறை ஊதிவிட்டுச் செருகினால் போதும், அந்தத் துள்ளல் பாட்டு வந்துவிடும். உங்கள் மகனுக்கும் இப்படிப்பட்ட ஆட்டங்களில் பைத்தியம் என்று சொன்னீர்கள். நல்லதாகப் போயிற்று, நான் சொல்லப்போவது உங்களுக்குச் சுலபமாக விளங்கும். நடந்ததை வாக்குமூலமாக எழுதித் தரச் சொல்லியிருக்கிறீர்கள். முப்பத்திரண்டு வருடம் இந்தத் தேயிலைத் தோட்டக் கந்தோரில் கிளாக்கராக இருந்தவன் நான். தம்பிராசா எழுதியதில் பிழை என்று எந்தத் துரையும் சொன்னதில்லை.

இதில் அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்டால், இதில் யாரும் சாவதில்லை என்பேன். ஒரு பேக்கரிக்காரன் மகன் பொரிச்சட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போகிறான். வழியில் முள்ளங்கியும் கத்தரிக்காயும் சண்டைக்கு வரும். சட்டியால் ஒரு தட்டுத் தட்டினால் மன்னிப்புக் கேட்டு, ஒரு துண்டுக் கேக்கையும் வைத்துவிட்டு ஓடும். ஓர் ஊரில் நகரபிதாவின் மீசை அவரை விட்டு ஓடிப்போயிருக்கும், அதைத் தேடிப் பிடித்துக் கொடுக்க வேண்டும். இன்னோர் ஊரில் செம்மறியாடுகள் பள்ளிக்கூடம் நடத்தும். பேக்கரிக்காரன் மகன் அடிவாங்கி மயங்கினாலும் சத்திரத்துக் கட்டிலில் கண்விழிப்பான், பக்கத்தில் சமையல்காரி சூப்போடு நிற்பாள். எட்டு வருடமாக விளையாடுகிறேன். அவளுடைய பகிடிகளுக்கு இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வருகிறது.

பெட்டி என்னுடையதல்ல, முத்துலிங்கத்தினுடையது. அவன் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை செய்தவன். அவன் பெண்சாதி மீனம்மா தொண்ணூற்றேழில் சவூதிக்கு வீட்டுவேலைக்குப் போனாள். அந்த வீட்டுப் பையன் புதிதாக ஒன்று வாங்கியதும் பழையதை இவளிடம் கொடுத்துவிட்டான். அவள் அதை ஊருக்குத் திரும்பிய ஒருத்தியிடம் புருஷனுக்குக் கொடுத்தனுப்பினாள். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் அப்போது கரண்ட் இல்லை. ஆகவே அவன் பெட்டியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு என் குவார்ட்டர்ஸ் வாசலில் வந்து நின்றான்.

"ஐயா வீட்டு டீவியில ஒருக்கா போட்டுப் பாக்கலாமுங்களா? அவ ஆசையா அனுப்பியிருக்கா."

முதல் நாள் வாசற்படியிலேயே குந்திக்கொண்டான். தொழிலாளி ஒருவன் ஸ்டாஃப் வீட்டில் கதிரையில் உட்காருவதில்லை, அது இங்கே எழுதாத சட்டம். மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை நானே கதிரையை இழுத்துப் போட்டேன். ஆட்டத்தில் எல்லோரும் பேசுவது ஆங்கிலத்தில், அதுவும் எழுத்தில். அவனுக்கு ஆங்கிலம் தெரியாது. எனக்கோ அந்தப் பொத்தான்களில் விரல் ஓடாது. "இந்தாளு என்னங்கய்யா சொல்றாரு?" என்று அவன் கேட்பான், நான் தமிழில் சொல்வேன், இருவரும் சிரிப்போம். என் மனைவி குணபூசணி எண்பத்தைந்தில் யாழ்ப்பாணத்துக்குத் தமக்கை வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது அந்த ஞாயிற்றுக்கிழமைகளில்தான். எனக்கு அது மிகவும் தேவையாக இருந்தது. சொல்வதற்கு வெட்கமில்லை.

தொண்ணூற்றெட்டு ஒக்டோபரில் கோபுரத்துக்கு வந்து சேர்ந்தோம். அதன் உச்சியில் ஒரு பெண்ணை மந்திரவாதி நத்தை பூட்டி வைத்திருக்கிறது. கீழே நின்று கூப்பிட்டால் அவள் எட்டிப் பார்த்து, சீக்கிரம் வாருங்கள், என்னால் தாங்க முடியாது, சாவி ஆலைக்கு அடியில் இருக்கிறது என்கிறாள். பெட்டியோடு வந்த கையேட்டை நான் முன்பே படித்திருந்தேன். அவளை விடுவித்தால் ஆட்டம் முடிந்துவிடும்.

"என்னங்கய்யா சொல்லுது அந்தப் புள்ள?"

"அவசரமில்லையாம், முத்து. ஊரெல்லாம் சுத்திப் பாத்துப்போட்டு ஆறுதலா வரட்டாம்."

"மூஞ்சியப் பாத்தா அழுவுற மாதிரி இருக்குங்களே."

"அது படம் கீறினவன்ர பிழை."

அவன் நம்பினான். நாங்கள் மீன் பிடித்தோம், மீசையைத் தேடினோம், ஆடுகளின் பள்ளிக்கூடத்தில் பரீட்சை எழுதினோம். வெகுநாள் கழித்து அந்தப் பக்கம் போனபோதும் அவள் அதே சன்னலில் நின்று அதே சொற்களைத்தான் சொன்னாள். ஒரு தலைமுடிகூடக் கலையவில்லை. இந்த ஆட்டத்தின் கவர்ச்சியே அதுதான் என்று நினைக்கிறேன். எவ்வளவு கெஞ்சினாலும், நாம் வரும்வரை அவர்கள் அங்கேயே காத்திருப்பார்கள். உங்கள் மகனைக் கேட்டுப் பாருங்கள்.

இனிக் கடிதங்களின் விஷயம். லயத்து வீடுகளுக்குத் தனி விலாசம் கிடையாது. எல்லாக் கடிதமும் தோட்டத்தின் பெயருக்குத்தான் வரும். நானுஓயாவிலிருந்து வரும் தபால்பையை நான் கந்தோரில் அவிழ்த்துப் பிரித்து, மறுநாள் காலைப் பெரட்டில் ஆட்கள் வேலைக்கு வந்து நிற்கும்போது பெயர் கூப்பிட்டுக் கொடுப்பேன். மீனம்மாவின் கடிதங்களையும் அப்படித்தான் கொடுத்து வந்தேன். நவம்பரில் வந்த கடிதத்தின் உறை திறந்திருந்தது. மழைமாதத்து ஈரத்தில் இங்கே பசை பிடிப்பதில்லை. வாசித்தேன்.

"வீட்டுக்காரி அயன் பொட்டியால சுட்டுட்டா. வெளிய பூட்டிட்டுப் போறாங்க. நீங்க கொழும்புக்குப் போயி ஏஜென்சிக்காரங்ககிட்ட சொல்லி என்னைய சீக்கிரமா கூப்புட்டுக்கங்க" என்று எழுதியிருந்தாள்.

அன்று வெள்ளிக்கிழமை. கடிதத்தைக் கொடுத்தால் அவன் அன்றைக்கே ரயில் ஏறியிருப்பான். அடையாள அட்டைகூட இல்லாதவன். யுத்தம் நடந்த அந்த நாட்களில் கொழும்பில் போய் இறங்கும் தமிழ்ப் பொடியன் பொழுதுபட முன் பொலிஸ் நிலையத்தில் இருப்பான். இதை நான் உண்மையாகவே யோசித்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஆட்டத்தில் பெரிய பாலத்தைக் கடப்பதாக இருந்தோம், அதையும் யோசித்தேன். திங்கட்கிழமை கொடுக்கலாம் என்று மேசை லாச்சிக்குள் வைத்தேன். திங்கட்கிழமையும் கொழும்பு அப்படியேதான் இருந்தது. அடுத்த திங்கட்கிழமையும் அப்படித்தான்.

அதற்குப் பிறகு ஆறு கடிதங்கள் வந்தன. பக்கத்து வீட்டு வேலைக்காரியிடம் மதிலுக்கு மேலால் கொடுத்து அனுப்பியிருக்கிறாள். அவற்றைக் கொதிக்கும் கேத்திலின் ஆவியில் பிடித்து நானே பிரித்தேன். ஈரத்தின்மேல் பழிபோட மாட்டேன்.

முத்துலிங்கமும் அவளுக்கு எழுதினான். எழுதி, மேலே ஆங்கிலத்தில் விலாசம் எழுதி அனுப்பச் சொல்லி என்னிடமே தருவான். கடிதமே வரவில்லை என்று அவன் எழுதியது அவளுக்குக் கிடைத்தால் அவள் வேறு வழி தேடுவாள், வீண் குழப்பம். ஆகவே விலாசத்தைத் திருத்தமாக எழுதி, அவற்றையும் லாச்சிக்குள் வைத்தேன்.

ஒவ்வொரு நாளும் பெரட்டுக் கலைந்த பிறகும் அவன் நிற்பான். "இன்னைக்காச்சும் ஏதாவது வந்திச்சுங்களா ஐயா?" என்பான். "ஒண்டும் வரேல்லை, முத்து" என்பேன். பெப்ரவரியில் ஒருநாள், என்ன ஆனாலும் சரி கொழும்புக்குப் போகிறேன் என்று யாருடைய சட்டையையோ இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு வந்து நின்றான். ஏஜென்சியோடு கந்தோர்த் தொலைபேசியில் நானே பேசிவிட்டேன் என்றேன். அவள் வேறு வீட்டுக்கு மாறிவிட்டாளாம், நல்ல சனங்களாம், எழுத நேரம் கிடைப்பதில்லையாம், அவசரம் ஒன்றுமில்லையாம் என்றேன்.

"சொகமா இருக்காளாமுங்களா?" என்று இரண்டு தரம் கேட்டான். இரண்டு தரமும் ஓம் என்றேன். நின்ற இடத்திலேயே அழுதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு ரொட்டி சுட்டு, கட்டைச் சம்பல் இடித்துக் கொண்டுவந்தான். இருவரும் திருப்தியாகச் சாப்பிட்டோம்.

அவன் மெலிந்துகொண்டு வந்தது எனக்குத் தெரியாமல் இல்லை. சிரிப்பும் குறைந்துவிட்டது. வர விருப்பமில்லாவிட்டால் விட்டுவிடு என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். அவன் பொத்தான் பலகையை மடியில் வைத்துத் தடவினான்.

"அவ அனுப்புனதுங்கய்யா. இது கையில இருக்கிற வரைக்கும் அவ இங்கனதான் இருக்கிற மாதிரி."

அதைக் கேட்டு எனக்கு நிம்மதியாயிற்று. அவன் விட்டுவிட்டுப் போகப்போவதில்லை.

ஆறாவது கடிதத்தில், ஏன் பதில் போடவில்லை, என்னை வேண்டாம் என்று முடிவு பண்ணிவிட்டீர்களா என்று கேட்டிருந்தாள். ஏழாவது, சவர்க்கார மட்டையின் உட்பக்கத்தில் எழுதியது, ஜூன் மாதம் வந்தது. "மூணாம் மாடி சன்னல்ல ஒரு கம்பி கழண்டிருக்கு. இதுக்காச்சும் பதில் வந்திச்சுன்னா பொறுத்துக்கிருவேன்" என்று இருந்தது. நல்ல உருண்டையான கையெழுத்து, அவ்வளவு சின்ன மட்டையிலும் வரி கோணவில்லை.

ஜூலையில் அரசாங்கக் கடிதம் வந்தது. போர்வைகளை முடிந்து கட்டி இறங்கப் பார்த்து விழுந்திருக்கிறாள். அதை நான் பத்து நிமிடம்கூட வைத்திருக்கவில்லை. மழையில் நானே தொழிற்சாலைக்குப் போய், வாட்டும் மாடிக்கு ஏறி, ஆங்கிலத்தில் இருந்ததைச் சொல்லுக்குச் சொல் தமிழில் அவனுக்கு வாசித்துக் காட்டினேன். அரச கடிதம் எதையும் நான் ஒருபோதும் தாமதப்படுத்தியதில்லை. விண்ணப்பப் பாரங்கள் எல்லாவற்றையும் நான்தான் நிரப்பினேன். கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து சவப்பெட்டியைக் கொண்டுவரத் துரையிடம் பேசித் தோட்டத்து லொறியை வாங்கிக் கொடுத்ததும் நான்தான். புதைத்துவிட்டு வந்து அவன் என் காலைப் பிடித்துக்கொண்டான்.

"ஐயா இல்லாட்டி நான் என்னங்கய்யா பண்ணியிருப்பேன்."

விளையாட்டுப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தேன். "வேணாங்கய்யா, நீங்களே வச்சுக்கங்க" என்றான். பிறகு அவன் என் வீட்டுப் பக்கம் வரவில்லை. நான் தட்டுத்தடுமாறிப் பொத்தான்களைப் பழகிக்கொண்டு தனியாக விளையாடினேன். எல்லா ஊருக்கும் போவேன், கோபுரத்துக்கு மட்டும் போவதில்லை.

சென்ற மாதம் நான் ஓய்வுபெற்றதும், என் இடத்துக்கு வந்த கோபிசங்கர் லாச்சியைத் திறந்திருக்கிறார். கடிதங்கள் திகதி வாரியாக, நாடா கட்டி இருந்ததை அவர் உங்களிடம் சொல்லியிருப்பார். கெட்ட எண்ணம் உள்ளவன் எரித்திருப்பான். முத்துலிங்கத்திடம் அவற்றைக் கொடுத்தார்களாம். அவன் லயத்துக்குப் போகாமல் கந்தோர் வாசலிலேயே உட்கார்ந்து அவளுடைய ஏழு கடிதங்களையும் வாசித்தானாம். என்னிடம் வந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் விளக்கியிருப்பேன்.

அவளுடைய ஏழு கடிதங்களை மறித்தது நான். அவனுடைய பதினொரு கடிதங்களை அனுப்பாமல் வைத்திருந்ததும் நான். ஏஜென்சியோடு பேசியதாகச் சொன்னது பொய், தொலைபேசியை நான் தொடவே இல்லை. இவற்றை ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன். ஆனால் அவளுடைய சாவுக்கும் நான்தான் காரணம் என்று எழுதப்போவதாகச் சொன்னீர்கள். அதை மட்டும் ஒருமுறை யோசித்து எழுதுங்கள். ஜூலை முதல் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தை முடித்துக்கொண்டு, எல்லாக் கடிதங்களையும் ஒன்றாக அவனிடம் கொடுப்பதாகத்தான் இருந்தேன். அவள் விழுந்தது அதற்கு முந்திய வியாழக்கிழமை. மூன்றே மூன்று நாள், மீனம்மா கொஞ்சம் பொறுத்திருக்கலாம்.