கேட்காமல் வந்த இழுப்பு

வெள்ளிக்கிழமை. மதியம் ஒன்றேகால் மணி.

பேய் வருகிற நேரமா இது என்று சிரிக்காதே, உஷாராணி. கரண்டு வருகிற வரைக்கும் கதை சொல்லச் சொன்னது நீதான். அந்த மெழுகுவத்தியை நடுவில் வை. மற்றவர்கள் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்... இது நடந்தது நம்ம சிவநேசனின் மச்சானுக்கு. விமலன் என்று பெயர். பொய் சொல்லத் தெரியாத ஆள். அந்தச் சாமர்த்தியம் இருந்திருந்தால் இந்த வேலைக்கே போயிருக்க மாட்டான்.

பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே வேலிக்கும் ஆற்றுச் சுவருக்கும் நடுவே ஒரு பாதை போகிறது. ஒரு லோரி நுழைந்தால் எதிரே மோட்டார் சைக்கிள்கூட வர முடியாது. வீடு கிடையாது, கடை கிடையாது. அந்த நேரத்தில் ஆளும் கிடையாது. பள்ளிவாசலுக்குப் போகிறவர்கள் போய்விட்டார்கள். மற்றவர்கள் சாப்பிடப் போய்விட்டார்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை தலைக்கு மேலே பாலத்தில் ரயில் தடதடவென்று போகும்... பிறகு ஒரு சத்தமும் இருக்காது.

அந்தப் பாதையில் ஒரு சாக்கடைக் குழி. இரும்பு மூடியை நகர்த்தித் திறந்து வைத்திருந்தார்கள். குழிக்குள் ஒரு கயிறு இறங்கியிருந்தது. கயிற்றின் மேல்முனையைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு விமலன் நின்றான்.

வயது நாற்பத்து மூன்று. கிள்ளானில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் பதினேழு வருடம் இருந்தவன். அதை மூடிவிட்டார்கள். எட்டு மாதம் வீட்டில் சும்மா இருந்தான். மனைவி ரமணி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. கடைசியில் கிடைத்தது இந்த வேலை. நகரத்துச் சாக்கடைகளைச் சுத்தம் செய்கிற ஒரு குத்தகைக்காரரிடம் அடிமட்டக் கூலியாள். மூன்று மாதம் பார்ப்பார்கள், சரியாக இருந்தால் நிரந்தரம். வருகிற திங்கட்கிழமை மூன்று மாதம் முடிகிறது. மண்டோர் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் வேலை நிற்கும். போடாவிட்டால் மறுபடியும் வீடு, மறுபடியும் ரமணியின் பேசாத முகம்.

மண்டோர் என்றால் கூட்டத்துக்குத் தலைவர். பழனியப்பன். அதிகம் பேச மாட்டார். லோரி ஓட்டுகிற யூனுஸ் தொழுகைக்குப் போயிருந்தான். கார்த்திகேசு குழிக்குள் இருந்தார். இருபது வருடமாகக் கீழே இறங்குகிறவர், இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு சேறு வெட்டுகிறவர். மொத்தம் நாலு பேர், அவ்வளவுதான்.

கீழே இறங்கிய ஆளோடு கயிற்றால்தான் பேச வேண்டும். கத்தினால் கேட்காது. முதல் நாளே பழனியப்பன் சொல்லிக் கொடுத்துவிட்டார்.

"மேல நிக்கிறவன்தான் கேக்கணும். ஒரு இழுப்பு இழுத்தா, நல்லா இருக்கியான்னு கேக்குறேன்னு அர்த்தம். கீழேருந்து ஒன்னு திரும்பி வந்தா, நல்லா இருக்கேன்னு அர்த்தம். மூனு இழுப்பு கீழேருந்து வந்தா, என்னைத் தூக்குன்னு அர்த்தம். மேலேருந்து போனா, ஏறி வான்னு அர்த்தம். வேற ஒன்னும் இல்ல."

விமலன் தலையாட்டினான். அவர் போகத் திரும்பியவர் நின்றார்.

"இன்னொன்னு. நீ கேக்காம கீழேருந்து ஒத்த இழுப்பு வந்தா, பதில் கொடுக்காத."

"ஏன் அண்ணே?"

"தண்ணி இழுக்கும்லா" என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை.

அன்றைக்குப் பழனியப்பன் அடுத்த மூடியைத் திறந்து பார்ப்பதற்காக வளைவுக்கு அந்தப் பக்கம் போயிருந்தார். விமலன் தனியாக நின்றான். வெயில் சுள்ளென்று அடித்தது. ஆனால் ஆறு இறங்கி வருகிற அம்பாங் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அங்கே மழை பிடித்தால் இங்கே சொட்டு விழாமலேயே அரை மணி நேரத்தில் ஆற்றில் தண்ணீர் ஏறிவிடும். இந்த வேலையில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம் அது.

அவன் ஒரு தடவை இழுத்துக் கேட்டான். ஒரு இழுப்பு திரும்பி வந்தது. நல்லது.

கொஞ்ச நேரம் போனது...

கயிறு இழுபட்டது. ஒரே ஒரு தடவை. அவன் கேட்கவில்லை.

பழனியப்பன் சொன்னது நினைவுக்கு வராமல் இல்லை. ஆனால் போன வாரம்தான் கையில் போனை வைத்துக்கொண்டு நின்றதற்காக அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தான். மேலே நிற்கிறவன் தூங்குகிறானா என்று கார்த்திகேசு பார்க்கிறாராக்கும் என்று நினைத்தான். பதில் வராவிட்டால் மேலே வந்து மண்டோரிடம் சொல்வார். மூன்று நாளில் கையெழுத்து. இந்த நேரத்தில் எதற்கு வம்பு என்று ஒரு இழுப்பு இழுத்தான். இருக்கிறேன்.

அவ்வளவுதான் அவன் செய்த தப்பு. சின்னத் தப்புதான், நாமாக இருந்தாலும் செய்திருப்போம்.

உடனே இன்னொரு இழுப்பு வந்தது. பதில் கொடுத்தான். இன்னொன்று. அதற்கும் கொடுத்தான். சேறு வெட்டுகிற ஆள் இப்படி நிமிடத்துக்கு ஒரு தடவை கேட்க மாட்டார். இழுப்பும் கார்த்திகேசுவின் இழுப்பு மாதிரி வெடுக்கென்று இல்லை. மெதுவாக இருந்தது. பாயில் படுத்திருக்கிற பிள்ளை, பக்கத்தில் அம்மா இருக்கிறாளா என்று சேலையை இழுத்துப் பார்க்குமே, அப்படி.

குழியிலிருந்து ஒரு வாடை வந்தது. சேற்று வாடை இல்லை. வெளிநாட்டுக் கூலியாட்கள் பிடிக்கிற கிராம்புச் சிகரெட் புகைகிற வாடை. கார்த்திகேசுவுக்குப் புகை பிடிக்கிற பழக்கமே கிடையாது.

முதல் சொட்டு அவன் கழுத்தில் விழுந்தது. மேலே வா என்று கயிற்றை மூன்று தடவை இழுத்தான். ஒரு இழுப்பு வந்தது. மறுபடியும் மூன்று இழுத்தான். மறுபடியும் ஒன்று. குழியில் குனிந்து கத்தினான். உள்ளே தூரத்தில் தண்ணீர் சளசளவென்று வருகிற சத்தம் மட்டும்தான் கேட்டது.

அப்போது கீழேயிருந்து வந்தது... மூன்று இழுப்பு.

விமலன் இழுத்தான். கயிறு அசையவில்லை. காலைக் குழியின் விளிம்பில் ஊன்றிக்கொண்டு, முதுகு தெறிக்க இழுத்தான். ஒரு சாண்கூட வரவில்லை. மழை கொட்டத் தொடங்கிவிட்டது. கை வழுக்கியது. மறுபடியும் மூன்று இழுப்பு, இந்த முறை அவசரமாக. "அண்ணே, அண்ணே" என்று தொண்டை கிழியக் கத்தினான். அவனுக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு மனுஷன் சாகப் போகிறான், கயிறு என் கையில் இருக்கிறது, என்னால் ஒன்றும் ஆகவில்லை என்று சிவநேசனிடம் சொல்லும்போதுகூட அழுதானாம்.

வளைவில் பழனியப்பன் ஓடி வந்தார். அவருக்குப் பின்னால், மார்பு வரைக்கும் சேறாக, கார்த்திகேசு ஓடி வந்தார்.

விமலன் அவரைப் பார்த்தான். கயிற்றைப் பார்த்தான்.

"கயிறு எட்டலலா" என்றார் கார்த்திகேசு, மூச்சிரைக்க. "அவுத்து சுவத்துக் கொக்கியில மாட்டிட்டு அந்தப் பக்க மூடி வழியா ஏறிட்டேன். எறங்கின கொஞ்ச நேரத்துலயே."

அவர் சொல்லி முடிக்கவில்லை. மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கயிறு விமலனின் கையில் இழுபட்டது. ஒன்று... இரண்டு... மூன்று.

கார்த்திகேசு பின்னால் நகர்ந்து வேலியில் முதுகு இடித்து நின்றார். பழனியப்பன் மட்டும் அசையவில்லை.

"கேக்காம வந்துச்சா?"

"வந்துச்சு அண்ணே."

"பதில் கொடுத்தியா?"

"கொடுத்தேன்."

"எத்தன தடவ?"

"ஆறேழு இருக்கும்."

பழனியப்பன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். திட்டுவார் என்று விமலன் காத்திருந்தான். திட்டியிருந்தால் தேவலை. அவர் தணிந்த குரலில், "விடு. மூடிய போடணும். தண்ணி மேல வந்துடுச்சுன்னா ரோட்டுல குழி தெரியாது. மோட்டார்ல வர்றவன் விழுவான்" என்றார்.

"உள்ள ஆள் இருக்காங்க அண்ணே. பொம்பாவுக்குப் போன் பண்ணுவோம். தீயணைப்பு ஆளுங்க வந்து பாக்கட்டும்."

"என்னன்னு சொல்லுவ? எறங்கினது ஒருத்தன். அவன் இங்க நிக்கிறான்."

விமலன் குழியை எட்டிப் பார்த்தான். இறங்கியவர் ஒருவர், ஏறியவர் ஒருவர். யாரிடம் போய் என்ன சொல்வது? கயிறு ஒரு தடவை இழுபட்டது. மெதுவாக. இருக்கிறாயா...

அவன் விட்டுவிட்டான்.

கயிறு சட்டென்று உள்ளே விழவில்லை. ஒரு முழம் போனது. நின்றது. இன்னொரு முழம் போனது. நின்றது. உள்ளேயிருந்து யாரோ கைமாற்றிக் கைமாற்றிச் சுருட்டி எடுப்பதுபோல நிதானமாகப் போனது. கடைசி முனை விளிம்பைத் தாண்டியதும் பழனியப்பனும் கார்த்திகேசுவும் மூடியை இழுத்துப் போட்டார்கள். விமலன் அதன்மேல் ஏறி நின்றான். பூட்ஸுக்குக் கீழே ஒரு தட்டு தட்டிய மாதிரி இருந்தது. பழனியப்பன் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தார்.

இரண்டு நாள் அவன் சரியாகச் சாப்பிடவில்லை. சோற்றுத் தட்டின் முன்னால் வலது கையை விரித்துப் பார்த்துக்கொண்டே இருந்தானாம். என்ன ஆச்சு என்று ரமணி கேட்டாள். எப்படிச் சொல்வது என்று தெரியாமல், மழையில் நனைந்துவிட்டேன் என்றான்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். அவனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நீங்கள் பதற வேண்டாம். திங்கட்கிழமை கையெழுத்து ஆனது. வேலை நிரந்தரம். இன்று வரைக்கும் அங்கேதான் இருக்கிறான். போன தீபாவளிக்குச் செந்தூலில் சிவநேசன் வீட்டுக்கு வந்தபோது, எல்லாரும் தூங்கிய பிறகு இதைச் சொன்னான்.

திங்கட்கிழமை நல்ல வெயில். கார்த்திகேசு வரவில்லை, காய்ச்சல் என்று செய்தி அனுப்பிவிட்டார். லோரியின் முன்பக்கக் கண்ணாடிக்குக் கீழே அந்தத் தாள் கிடந்தது. இன்னும் கையெழுத்து இல்லை.

"அந்தக் குழி பாதியில நிக்குது" என்றார் பழனியப்பன். "ஆபீஸ்லருந்து ரெண்டு தடவ கேட்டுட்டாங்க. எறங்குறியா?"

முடியாது என்று சொல்லலாம். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் அந்தத் தாள் அங்கேயே கிடந்தது. அவன் புதுக் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டான். மேலே யூனுஸ் பிடித்துக்கொண்டான். பழனியப்பன் பக்கத்தில் நின்றார்.

உள்ளே முழங்கால் அளவு சேறு. நெற்றி விளக்கு வெளிச்சத்தில் சுவர் பளபளத்தது. சுவரில் கொக்கி இருந்தது. பழைய கயிறு இல்லை. வெள்ளம் கொண்டுபோயிருக்கும் என்று அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். இடுப்பில் ஒரு இழுப்பு வந்தது. யூனுஸ் கேட்கிறான். பதில் கொடுத்தான். மண்வெட்டியைச் சேற்றில் இறக்கினான். நாலு வெட்டு வெட்டினான். மறுபடியும் யூனுஸ் கேட்டான், மறுபடியும் பதில் கொடுத்தான். எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது.

மூன்றாவது இழுப்பு இடுப்பில் வரவில்லை.

நெற்றி வேர்வையைத் துடைக்க மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கையைக் கீழே தொங்கவிட்டிருந்தான். விரித்த உள்ளங்கையில் ஈரமாக ஒன்று வந்து அமர்ந்தது. யாரோ பார்த்துப் பதமாக வைத்ததுபோல... குனிந்து பார்த்தான். பழைய கயிற்றின் முனை. மறுமுனை விளக்கு வெளிச்சம் போகாத தூரத்தில் இருட்டுக்குள் நேராகப் போயிருந்தது.

ஒரு இழுப்பு. மெதுவாக.

"பதில் கொடுக்காம வந்திருக்கலாமே மச்சான்" என்று இந்த இடத்தில் குறுக்கிட்டுக் கேட்டிருக்கிறான் சிவநேசன்.

விமலன் வலது கையை விரித்துப் பார்த்தானாம். பிறகு, "ஒரு தடவ இருக்கேன்னு சொல்லிட்டு விட்டவன் நான்தானே" என்றானாம். "எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு மறுபடியும் விடுறது?"

அவன் ஒரு இழுப்பு இழுத்தான். இருக்கிறேன்.

தண்ணீர் நின்றுவிட்ட மாதிரி ஓர் அமைதி. பிறகு ஒன்று... இரண்டு... மூன்று.

அவன் இரண்டு கையாலும் இழுக்கத் தொடங்கினான். இந்த முறை கயிறு கனக்கவே இல்லை. ஒவ்வொரு முழமாக... வந்துகொண்டே இருந்தது. கூடவே கிராம்பு வாடையும்.