முன் ஷாஃப்ட்

ஷெல் விழுகிறது. எண்ணுகிறேன். நான்கு எண்ணுவதற்குள் அடுத்தது. ஜீப் மடு மாதா கோயிலுக்குப் போகும் காட்டுப் பாதையில், மணலில் நிற்கிறது. பின் அச்சு முறிந்துவிட்டது. முறியும்போது 'டக்' என்று ஒரே ஒரு சத்தம். செவ்வாய்க்கிழமை. காலை ஒன்பது பத்து.

ஜீப் என்னுடையது. நான் வங்காலையில் வாகனம் திருத்துபவன். ஏற்றி வந்தது மூன்று பேரை. அயல்வீட்டு மரியதாஸ், கால் முறிந்து கட்டுப் போட்டவர். அவர் மனைவி றோசலின். அவளுடைய தம்பி அந்தோனி.

ஜீப்புக்குக் கீழே கிடக்கிறேன். சுத்தியலால் அடிக்கிறேன். மேலே இருப்பவர்களுக்குக் கேட்கவேண்டும் என்பதற்காக அடிக்கிறேன். திருத்த முடியாது என்று எனக்குத் தெரியும்.

இந்த ஜீப்பில் நான்கு சக்கரமும் இழுக்கும். பின் அச்சு முறிந்தால் முன் சக்கரங்களே இழுத்துக்கொண்டு போகும். அதற்கு முன் ஷாஃப்ட் வேண்டும். எஞ்சினின் பலத்தை முன்னுக்குக் கொண்டுபோகும் தண்டு. அதை நானே கழற்றியிருந்தேன், நான்கு மாதத்துக்கு முன்பு. மணலில் ஓடும் வாகனம் என்றால் சண்டையிட்ட இரு பக்கத்தாரும் கேட்டு வந்தார்கள். நரி இடம் போனால் என்ன, வலம் போனால் என்ன, மேலே விழுந்து பிடுங்காமல் இருந்தால் போதும் என்றிருந்தவன் நான். மணலில் புதையும் ஜீப்பை ஒருவரும் கேட்கவில்லை. ஷாஃப்டுக்குக் கிறீஸ் பூசி, சாக்கில் சுற்றி, வீட்டுக்குப் பின்னால் புதைத்தேன். யாருக்கும் சொல்லவில்லை. கெட்டிக்காரன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

"அண்ணை, சரிவருமோ?" அந்தோனி கேட்டான்.

"ஓம். இன்னும் கொஞ்ச நேரம்."

சரிவராது என்று சொல்லியிருந்தால் மரியதாஸைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்திருப்பான். இருபத்திரண்டு வயது. நல்ல உடம்பு. முன் சக்கரத்துக்கு என்ன நடந்தது என்று கேட்பார்களே. அந்தக் கேள்விக்குத்தான் பயந்தேன். ஷெல்லுக்கு அவ்வளவு பயப்படவில்லை.

றோசலின் குனிந்து போத்தலை நீட்டினாள். "தண்ணி குடிச்சிட்டுச் செய்யுங்கோ அண்ணை. அவதிப்படாதேங்கோ."

வாங்கிக் குடித்தேன். மறுபடி சுத்தியலை எடுத்தேன்.

ஒன்பது ஐம்பது. "படுங்கோ! படுங்கோ!" அந்தோனியின் குரல். அதன் பிறகு காது அடைத்துவிட்டது. ஜீப் எனக்குக் கூரையாக நின்றது. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை.

"அண்ணை கடைசிமட்டும் கீழை கிடந்து பாடுபட்டவர்." அந்தோனி ஊரெல்லாம் இப்படித்தான் சொன்னான். நான் மறுக்கவில்லை. இத்தனை வருடம் அந்தப் புகழைத் தின்று வாழ்ந்தேன்.

போன கிழமை, கடற்கரையில் மீன்பெட்டி ஏற்றி வரும்போது, அதே அச்சு மறுபடி முறிந்தது. அந்தோனி பக்கத்தில் இருந்தான். முறிந்த துண்டை இழுத்தெடுத்தேன். ஷாஃப்ட் இப்போது அதன் இடத்தில் இருந்தது; முன் சக்கரக் கியரைப் போட்டேன். ஜீப் மெல்ல மணலைவிட்டு ஏறியது. எல்லாம் இருபது நிமிடம். தேவாலயம் தெரிந்தபோது அவன் கேட்டான்.

"அண்டைக்கு மடு றோட்டிலையும் இப்பிடிச் செய்திருக்கலாந்தானே, அண்ணை?"

ஜீப்பை ஓட்டிக்கொண்டே போனேன். வெட்கங்கெட்டவன் நான். இந்த எழுத்துதான் என் பதில். முதலில் அவனுக்கு வாசித்துக் காட்டிவிட்டே மற்றவர்களிடம் தருகிறேன்.

இழந்தவை. மரியதாஸ், முப்பத்தாறு வயது. றோசலின், முப்பத்தொன்று. அந்தோனியின் இடது கை, முழங்கைக்குக் கீழே. ஒரு தண்ணீர்ப் போத்தல், பாதி நிறைந்தது.

அந்தச் சண்டை ஓய்ந்து ஊர் திரும்பியதும் வீட்டுக்குப் பின்னால் தோண்டினேன். ஷாஃப்ட் வைத்தபடியே இருந்தது. துருகூடப் பிடிக்கவில்லை.