தராசு சரியாகத்தான் இருந்தது

நடுவர் நாற்காலியில் நயமும் நகையும் குறையாமல் வீற்றிருக்கும் பெரியவர் வெங்கடராமன் அவர்களே! எனக்கு முன்னால் முழங்கி, மேசையில் இருந்த சோடாவையெல்லாம் காலி செய்துவிட்ட இரு அணிப் பேச்சாளர்களே! அல்சூர் ஏரிக் காற்றை விட்டுவிட்டு இந்த மண்டபத்து மின்விசிறியை நம்பி வந்திருக்கும் ஆன்றோரே! அடுப்பை அணைத்துவிட்டு வந்தோமா என்ற ஐயத்தோடு அமர்ந்திருக்கும் அன்னையரே! நான்காம் வரிசையில், பொம்மசந்திரா கம்பெனிச் சீருடையைக்கூட மாற்றாமல் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் தம்பி டிரேவரே! அனைவருக்கும் இந்த நாராயணசாமியின் வணக்கம்.

இன்றைய தலைப்பு என்ன? 'பெங்களூரு நீலசந்திரா தந்த குத்துச்சண்டை வீரர் டிரேவர் தொடர்ந்து ஆடியிருந்தால் உலக மேடை ஏறியிருப்பாரா, உள்ளூரிலேயே நின்றிருப்பாரா?' ஆகா! ஆள் நம் கண்முன்னே உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டோமா? கேட்க மாட்டோம். கேட்டால் பட்டிமன்றம் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். அப்புறம் தோரணம் எதற்கு, பொன்னாடை எதற்கு?

தம்பி ப்ரஹ்லாத் பேசினார். டிரேவருக்குத் தங்கப் பதக்கமே வாங்கிக் கொடுத்துவிட்டார்! எந்த நாட்டுக்காரனை எந்தச் சுற்றில் வீழ்த்தியிருப்பார் என்றுகூடச் சொன்னார். சகோதரி ஸ்வர்ணா விடுவாரா? இரண்டாம் சுற்றிலேயே மூக்கை உடைத்து, மூட்டை கட்டி அனுப்பிவிட்டார். நடக்காத சண்டைக்கு நீங்களும் கைதட்டினீர்கள். நடந்ததைச் சொல்லத்தான் இங்கே நாதி இல்லை!

என்ன தம்பி, பின்னாலிருந்து? "சுத்தாம பாயிண்ட்டுக்கு வாங்க குரு"வா? வருகிறேன். பத்தொன்பது வருடமாக வராதவன், இன்றைக்கு வருகிறேன்.

இரு அணியும் ஒன்றில் மட்டும் ஒத்துப்போனார்கள். தேசிய அணித் தேர்வன்று தராசில் கோளாறு, நம் பையனை வேண்டுமென்றே கழித்துவிட்டார்கள் என்று. யார் சொன்னது? நான் சொன்னேன்! அப்போது இந்தச் சங்கத்தின் செயலாளர் நான். டீக்கடையில் சொன்னேன், துண்டறிக்கையில் சொன்னேன், இதே மேடையில் மைக் அலற அலறச் சொன்னேன். பச்சைப் பொய்! பத்தொன்பது வருடமாகத் தண்ணீர் ஊற்றி வளர்த்த பச்சைப் பொய்!

நடந்தது இதுதான். தேர்வுக்கு முந்தின நாள் மாலை அவனுக்குப் பாராட்டு விழா எடுத்தோம். வென்ற பிறகு பாராட்டுவது ஊர் வழக்கம். வெல்லும் முன்பே பாராட்டுவது நம் வழக்கம். வேறு சங்கம் முந்திக்கொண்டால் என்ன ஆவது? அவன் அறுபது கிலோ பிரிவு, அதற்குமேல் கொஞ்சம் கூடினாலும் வெளியே அனுப்பிவிடுவார்கள். மறுநாள் காலை எடை பார்ப்பார்கள். அதற்காக இரண்டு நாளாக அரை வயிறு, கால் வயிறு. தண்ணீரைக்கூட பாட்டில் மூடியில் அளந்து குடித்தவன். மேடையில் என் காதோரம் கெஞ்சினான்: "சார், காலைல வெயிட் பாக்குறாங்க சார். ஸ்வீட் வேணாம் சார், ப்ளீஸ்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அட, ஒரு துண்டு மைசூர்பாக்குல என்னப்பா ஆயிடும்? போட்டோக்காரர் நிக்கிறார், வாயத் தொற!"

நான் ஊட்டினேன். தலைவர் ஊட்டினார். துணைத் தலைவர் ஊட்டினார். பொருளாளர் ஊட்டினார், படத்தில் முகம் சரியாக விழவில்லை என்று மறுபடியும் ஊட்டினார்! பதினொரு நிர்வாகிகள், அதன்மேல் இலை போட்டுச் சாப்பாடு. பெரியவர்கள் கை நீட்டினால் மறுக்கக் கூடாது என்று வளர்க்கப்பட்ட பிள்ளை, மறுக்கவில்லை. இனிப்புத் தின்றவனுக்குத் தாகம் எடுக்காதா? இரண்டு நாள் தாகத்தையும் சேர்த்துக் குடித்தான்.

காலையில் எழுநூறு கிராம் அதிகம். வியர்த்தாவது எடை குறையட்டும் என்று ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு கயிறு தாண்டினான், தாண்டினான், கால் துவளத் தாண்டினான். பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். நேரம் முடிந்தபோதும் இருநூறு கிராம் அதிகம். தராசு சரியாகத்தான் இருந்தது ஐயா! கோளாறு நம் கையில் இருந்தது. அணியில் சேர்ந்தால் வேலை தருகிறோம் என்ற அலுவலகமும் கைவிரித்தது. அடுத்த மாதமே அவன் பொம்மசந்திராவில் ஷிப்ட்டுக்குப் போனான். இன்றுவரை நம்மில் ஒருவரைக்கூடக் குறை சொன்னதில்லை. அந்தப் பெருந்தன்மைக்கு நாம் தரும் பரிசு இந்தப் பட்டிமன்றம்! வெட்கமாக இல்லை? எனக்கு இருக்கிறது.

நடுவர் மணி அடிக்கிறார். அடியுங்கள் ஐயா, இன்று நான் உட்கார மாட்டேன்.

ஏன் தெரியுமா? டிரேவருக்குப் பக்கத்தில் அவர் மகள் ஜூலியா உட்கார்ந்திருக்கிறாள். அவளும் குத்துச்சண்டை வீராங்கனை. மாநிலப் போட்டிக்கு நாளைக் காலை அவளுக்கு எடை பார்க்கிறார்கள். வாசலில் நாம் கொடுத்த தண்ணீரை அவள் வாய் கொப்பளித்துத் துப்பினாள். வரவேற்புக் குழுவில் ஒருவர் முணுமுணுத்தது என் காதில் விழுந்தது: "என்ன பொண்ணுங்க இது! குடுத்த தண்ணியத் துப்புது, திமிரப் பாரு." திமிராம்!

நிகழ்ச்சி நிரலில் அடுத்து என்ன? 'வீராங்கனைக்கு இனிப்பு ஊட்டி வாழ்த்துதல்.' திரைக்குப் பின்னால் வனஜாம்மா கையில் தட்டு தயார், போட்டோக்காரர் தயார். நிர்வாகிகள் இப்போது பதினேழு பேர். சங்கம் வளர்ந்திருக்கிறது அல்லவா! அப்பன் கதையை அலசிவிட்டு மகள் கதையை முடிக்கவா கூடினோம்? இன்னும் பத்தொன்பது வருடம் கழித்து அவளுக்கும் ஒரு பட்டிமன்றம் போடவா?

வனஜாம்மா, அந்தத் தட்டை உள்ளே கொண்டுபோங்கள். ஜூலியா, எழுந்திரு தாயே. அப்பாவைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போ. வழியில் எந்தப் பெரிய மனிதர் கை நீட்டினாலும் வேண்டாம் என்று சொல். மரியாதை தெரியாதவள் என்று யாராவது சொன்னால் என்னிடம் அனுப்பு. தம்பி டிரேவர், என்னை மன்னித்துவிடு. பொய்யை இந்த மேடையில்தான் சொன்னேன், மன்னிப்பையும் இந்த மேடையிலேயே கேட்கிறேன்.

கைதட்ட மறந்து கேட்ட உங்களுக்கு நன்றி. அவள் வென்று வந்தால் ஊட்டுவோம். தோற்று வந்தாலும் ஊட்டுவோம். இன்று மட்டும் கையைக் கட்டிக்கொண்டு, அந்தப் பிள்ளைக்கு வழி விடுங்கள். வணக்கம்.